நடுவில் இருக்கும் குழிகள்

வெள்ளைப் பலகையில் மேடம் பச்சை மையால் 0.74 என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். எதிரே நின்ற இருவரும் கை தட்டினார்கள். ஒருவர் தட்டியது வராந்தாவின் கடைசி அறை வரை கேட்டது. மற்றவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. அவள் எதைச் செய்தாலும் சத்தம் வராது. வேலைக்குச் சேர்ந்த வாரமே அவளுக்குப் பூனை என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த எண்ணுக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நுரையீரலைப் பிடித்தால் லேசில் விடாத ஒரு கிருமிக்கு மருந்து தேடுகிற சின்ன ஆய்வுக்கூடம் அது. அந்தக் கிருமியின் சாதுவான ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை வளர்த்து, உயிரோடு இருந்தால் மினுக்கும்படி செய்திருந்தார்கள். செத்தால் இருட்டு. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் ப்ளேட், அதில் முந்நூற்று எண்பத்து நான்கு குழிகள். குழிக்கு ஒரு மருந்தும் கொஞ்சம் கிருமியும் போட்டால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். எந்தக் குழி இருண்டதோ அதில்தான் விஷயம்.

ஆனால் எது வெளிச்சம், எது இருட்டு என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்காக ப்ளேட்டின் இடது ஓரத்தில் இரண்டு வரிசைக்கு மருந்தே படாத கிருமி. வலது ஓரத்தில் இரண்டு வரிசைக்கு, நிச்சயம் கொல்லும் என்று தெரிந்த பழைய மருந்தோடு கிருமி. இடது பக்கம் உயிர், வலது பக்கம் சாவு. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன, ஒவ்வொன்றும் தனக்குள் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதைச் சேர்த்துப் பிசைந்து ஒரே எண்ணாகக் கொடுப்பதுதான் இசட் பிரைம். அது ஒன்றைத் தாண்டாது. அரைக்கு மேல் இருந்தால் சோதனையை நம்பலாம். பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு கூட்டமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரள்கின்றன என்று பொருள். அப்புறம் உயிரைச் சாவு என்றும் சாவை உயிர் என்றும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆக, 0.74 என்பது கை தட்ட வேண்டிய எண்தான்.

“வியாழக்கிழமை காலைல ஓட்டம் ஆரம்பிக்கறோம்,” என்றார் மேடம். “வெள்ளிக்கிழமை பெட்டி திரும்பப் போயிடணும். ஞாபகம் இருக்கட்டும், நமக்கு ஒரே வாய்ப்பு.”

பெட்டி என்றது குளிர்பெட்டிக்குள் உறைந்து கிடந்த மருந்துகளை. ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்னொரு ஆய்வுக்கூடம் கடனாகக் கொடுத்தது. உலகத்தில் யாரும் இதுவரை இந்தக் கிருமி மேல் போட்டுப் பார்க்காத மருந்துகள். அவர்களிடமும் இந்த ஒரு தொகுப்புதான் மிச்சம். ஒருமுறை உருகினால் அவ்வளவுதான், மறுபடி உறையவைத்தால் எதையும் நம்ப முடியாது.

மேடம் போனதும் பூனை மிச்சக் கிருமியைக் கொட்டுவதற்காகக் குடுவையை எடுத்தாள். அது அவள் வேலை. எடுத்தவள் கொட்டவில்லை. ஒரு புது ப்ளேட்டை உறையிலிருந்து பிரித்து ரோபோவின் பக்கம் போய் நின்றாள்.

குழிகளில் கிருமியை ஊற்றுவது ரோபோ. அதன் பெயர் மாப்பிள்ளை. நேரத்துக்குத் துடைக்க வேண்டும், மேசை ஆடக் கூடாது, அறையில் சூடு கூடினால் பாதியில் முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பணிவிடை செய்து ஓட்டுகிறவர் அதனாலேயே மாமனார் ஆகிவிட்டார். நாற்பது வயதுக்காரர். பெற்ற பிள்ளை இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. இருந்தாலும் அந்தப் பட்டத்தை அவர் மறுத்ததில்லை.

“என்னம்மா பூனை, என்ன வேணும்?”

“ஒரு ப்ளேட் முழுசா ஊத்தணும்ணா. கிருமி மட்டும் போதும்.”

“முழுசாவா? நடுவுல ஊத்தறது தண்டம்னு மேடம் சொல்லுவாங்களே.”

அது அந்தக் கூடத்தின் வழக்கம். கிருமி சோம்பேறி. வளர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே சோதனை ப்ளேட் போடும்போதெல்லாம் நாலு ஓர வரிசைகளில் மட்டும் ஊற்றுவார்கள். நடுவில் இருபது வரிசையும் காலியாகவே போகும். எண்ணுக்கு வேண்டியது ஓரம்தானே, நடுவில் எதற்கு வீணாக?

“எப்படியும் கொட்டப் போறதுதான்ணா,” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “நடுவுல இருக்கற குழிய நாம பார்த்ததே இல்லையே.”

“குழியில என்னம்மா பார்க்கறதுக்கு இருக்கு? ஓரத்துல இருக்கற அதே குழிதான் நடுவுலயும்.” சொல்லிக்கொண்டே குடுவையை வாங்கி நன்றாகக் குலுக்கித் தொட்டியில் ஊற்றினார். மாப்பிள்ளை தன் பதினாறு முனைகளையும் தொட்டியில் நனைத்து, உறிஞ்சி, நகர்ந்து, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஊற்றத் தொடங்கியது. வலது ஓரத்து இரண்டு வரிசையில் மட்டும் பூனை கையாலேயே பழைய மருந்தை முன்கூட்டிப் போட்டிருந்தாள்.

மறுநாள் காலையில், ராத்திரி முழுக்கக் கிருமியைக் கதகதப்பாக வைத்திருந்த சூடுபெட்டியிலிருந்து அந்த ப்ளேட்டை எடுத்து ஒளி அளக்கும் ரீடருக்குள் வைத்தாள். திரையில் ப்ளேட்டின் படம் வந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வண்ணக் கட்டம். வெளிச்சம் கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம்.

வலது ஓரத்து இரண்டு வரிசையைத் தவிர்த்து எல்லாமே மஞ்சளாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கிருமி. மருந்து ஒரு சொட்டு கிடையாது. ஆனால் படத்தில் மஞ்சள் இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. நடுவுக்கு வரும்போது பச்சையாகி, அதற்கப்பால் வெயிலில் காயப்போட்டு மறந்த துணி மாதிரி வெளுத்துக்கொண்டே போயிற்று. வலது பக்கக் குழிகளில் பாதி ஒளிகூட இல்லை.

படத்தின் கீழே இசட் பிரைம் என்ற இடத்தில் மிஷின் தன் கடமையைச் செய்திருந்தது. 0.76.

பூனை எண்ணையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எண் ஓரத்தை மட்டும் பார்க்கிறது. ஓரத்தில் உயிர் உயிராக இருக்கிறது, சாவு சாவாக இருக்கிறது. நடுவில் என்ன அக்கிரமம் நடந்தாலும் அதற்குக் கவலையில்லை. வியாழக்கிழமை இப்படியே ஓட்டினால் ப்ளேட்டின் வலது பாதியில் விழுந்த மருந்தெல்லாம் கிருமியைக் கொன்ற மருந்து என்று பெயர் வாங்கும். விழுந்த இடத்தின் அதிர்ஷ்டம். அவற்றின் பின்னால் இவர்கள் வருஷக்கணக்கில் அலைவார்கள். நிஜமாகவே வேலை செய்யும் மருந்து இடது பக்கம் எங்கேயோ சும்மா இருக்கும்.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ரீடர்ல கோளாறு,” என்றார் அவர் உடனே. “மாப்பிள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிடாத.”

அவள் ப்ளேட்டை எடுத்து, இடது பக்கம் வலது பக்கமாக வரும்படி அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி வைத்தாள். ரீடரில் கோளாறு என்றால் மங்கல் அதே பக்கம் இருக்கும். ப்ளேட்டில் கோளாறு என்றால் மங்கல் பக்கம் மாறும். மாறியது. மாமனார் கன்னத்தைச் சொறிந்தார்.

“அப்ப சூடுபெட்டியில ஒரு பக்கம் காய்ஞ்சிருக்கும்.”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்போடுதான் மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் போனில் இருந்தார். கையால் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. போனை வைத்ததும் படத்தை நீட்டினாள். மேடம் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்த்தார். மனிதர் யாராக இருந்தாலும் எண்ணில்தான் கண் போய் நிற்கும்.

“0.76 வந்திருக்கே.”

“நடுவுல... மேடம்...”

“தெரியுது. வரிசைக்கு வரிசை இறங்குது. கணக்குல சரி பண்ணிக்கலாம்மா. எந்த வரிசையில எவ்ளோ குறையுதோ அதால வகுத்துட்டா சமமாயிடும். எல்லாரும் பண்றதுதான். பெட்டிக்காரர்கிட்ட இப்பதான் பேசினேன். ஒரு நாள்கூட தள்ளிப்போட முடியாதுங்கறார். போய் ப்ளேட்டுக்கெல்லாம் நம்பர் ஒட்டு, போ.”

வகுக்கலாம்தான். ஆனால் மங்கலைப் பெருக்கினால் அதிலுள்ள நடுக்கமும் கூடவே பெருகும். அப்புறம் அந்தப் பக்கம் வேலை செய்த மருந்தும் செய்யாத மருந்தும் ஒரே மாதிரிதான் நடுங்கும். இந்த வாக்கியம் பூனையின் நெஞ்சில் முழுசாக, இலக்கணப் பிழையில்லாமல் நின்றது. வாயில் வந்தது “சரி மேடம்” மட்டும்.

வெளியே வந்து ப்ளேட்டுகளுக்கு நம்பர் ஒட்டினாள். ஒட்ட ஒட்ட அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவளுடைய அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவது தொழில். வீட்டுக்கு வந்தும் அந்தக் குரலை இறக்கிவைக்க அவளுக்குத் தெரியாது.

“இன்னிக்கு ஒருத்தன் பிரேக்குனு நினைச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டான்,” என்றாள் அன்று ராத்திரி, செருப்பைக் கழற்றியபடி. “நான் கத்தின கத்துல எதிர்ல வந்தவன் பிரேக் போட்டான். அதனால பிழைச்சோம்.” பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். “உனக்கென்னடி? யாராவது திட்டினாங்களா?”

“இல்லம்மா.”

“அவள யாரு திட்டுவா?” என்றான் தம்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அங்க ஒரு ஆள் இருக்கறதே யாருக்கும் தெரியாது.”

பூனை அன்றைக்கு அதற்குச் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, எதற்கென்றே தெரியாமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குழி, ஓரம், எண், வெளுத்துப்போன வலது பக்கம். அம்மாவுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிக்கு அவளிடம் பதில் இருந்தது.

“மேடம் படிச்சவங்க, பெரியவங்க. அவங்க சரின்னா சரி. தப்பாப் போனா அவங்க தலை, உனக்கென்ன? சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள வம்ப விலைக்கு வாங்காத.”

“தப்பாப் போனா யார் தலையும் போகாதும்மா. அதான் விஷயம்.” அவள் குரல் லேசாக உயர்ந்தது. தம்பி போனை இறக்கினான். “தப்பாப் போனதே யாருக்கும் தெரியாது. நம்பர் நல்லா இருக்குல்ல? யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அந்த மருந்தெல்லாம் வேலை செய்யலன்னு குப்பையில போயிடும். அதுல நிஜமான ஒண்ணு இருந்தாலும் போயிடும். மறுபடி யாரும் அதை எடுத்துப் பார்க்கவே மாட்டாங்க.”

அம்மா தள்ளிவைத்த தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினாள்.

“அப்ப சொல்லித்தான் ஆகணும்,” என்றாள். “அழுதுட்டே மட்டும் சொல்லாத. உனக்கு மூக்கு சிவந்துடும்.”

புதன்கிழமை மேடம் கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன்பே பூனை அறைக்குள் நின்றிருந்தாள். மேடம் திடுக்கிட்டார்.

“எப்படிம்மா வர? கதவு திறந்த சத்தம்கூட கேக்கல.”

“மேடம், எனக்கு ஒரு ப்ளேட்டுக்குக் கிருமி வேணும். இன்னிக்கே வேணும். நாளைக்கு வச்சிருக்கறதுல இருந்து.” ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தது. ஒரே மூச்சில் வந்துவிட்டது. “உயிர் குழிய இடது பக்கமும் சாவு குழிய வலது பக்கமும் வைக்காம, ப்ளேட் முழுக்க கலந்து இறைச்சு வைக்கறேன். அந்தக் குழிகள வச்சு இசட் பிரைம் பார்ப்போம். அப்பவும் அரைக்கு மேல வந்தா ஓட்டலாம். கணக்குல வகுத்துக்கலாம். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீ எப்பம்மா திறந்த?” என்றார் மேடம். சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை. “கிருமி எவ்ளோ இருக்குன்னு தெரியுமில்ல உனக்கு? நாளைக்கு ஓட்டத்துக்கு அளந்து வச்சது. ஒரு ப்ளேட்ட நீ சாப்பிட்டா பெட்டியில ஒரு ப்ளேட் பார்க்காமயே திரும்பிப் போகும். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கறியே.”

“திரண்டது வெண்ணெய்தானான்னு பார்க்கணும் மேடம்.”

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. மேடம் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற பார்வை இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தியைப் பார்ப்பது போலிருந்தது.

“ஒரே ஒரு ப்ளேட்,” என்றார்.

மதியம் ரீடரின் முன் மூன்று பேரும் நின்றார்கள். படம் வந்தது. இறைத்து வைத்த உயிர்க் குழிகள் இடமிருந்து வலமாக மங்கிக்கொண்டே போய், கடைசியில் சாவுக் குழிகளுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியிருந்தன.

0.11.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதே கிருமி,” என்றாள் பூனை மெதுவாக. “அதே ரோபோ. அதே மருந்து. இடம் மட்டும்தான் மேடம் மாத்தினேன்.”

“பெட்டிக்காரர்கிட்ட 0.74னு சொல்லியிருக்கேன்,” என்றார் மேடம். யாரிடம் என்றில்லாமல் சொன்னார். பிறகு எழுந்து போய்ப் பலகையிலிருந்த பச்சை எண்ணை, துடைப்பானைத் தேடாமல், உள்ளங்கையாலேயே அழித்தார். “சரி. காரணம் என்ன?”

“சூடுபெட்டி...” என்று தொடங்கினாள். உடனே தன்னையே மறுத்தாள். சூடுபெட்டியில் காய்ந்தால் நாலு ஓரமும் காய வேண்டும். இது ஒரு பக்கமாகவே வழிகிறது. இடமிருந்து வலம். இடமிருந்து வலமாகப் போகிறது வேறு எது? அவள் திரும்பினாள். மாப்பிள்ளை தன் பதினாறு முனைகளையும் மடக்கிக்கொண்டு சாதுவாக நின்றது.

“அண்ணா, இது வலது பக்கத்துல இருந்து ஊத்துமா?”

மாமனார் முகம் கறுத்தது. “மறுபடி மாப்பிள்ளை மேலயே வர்றியே.”

“ஒரே ஒரு தடவைண்ணா. காலையில ஊத்தினது போகக் குடுவையில மிச்சம் இருக்கறத வச்சே பார்க்கலாம்.”

ஊற்றும் திசையை அவர் மாற்றினார். பாதி மனசுடன்தான். மாப்பிள்ளை வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கம் நகர்ந்தது. ஊற்றியவுடனேயே ரீடரில் வைத்தார்கள். இந்த முறை இடது பக்கம் மங்கியிருந்தது. ஊற்றத் தொடங்கிய பக்கம் வெளிச்சம், முடித்த பக்கம் இருட்டு.

“நான் குலுக்கித்தான் ஊத்தறேன்,” என்றார் மாமனார். “சத்தியமா, ஒவ்வொரு தடவையும்.”

“தெரியும்ணா. நான் பார்த்திருக்கேன்.” பூனை தொட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். மேலே தெளிந்த நீர். அடியில், பால் பாத்திரம் கழுவாமல் விட்டதுபோல, வெளிறிய ஓர் ஆடை படிந்திருந்தது. “ஊத்தும்போது கலங்கியிருக்கு. இது இருபத்து நாலு வரிசை போய் முடிக்கறதுக்குள்ள அடங்கிடுது. இந்தக் கிருமி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கனமாகி அடியில உட்கார்ந்துடும். முதல் வரிசைக்கு நிறைய போகுது. கடைசி வரிசைக்கு மேல்தண்ணிதான் போகுது.”

மேடம் தொட்டியை வாங்கிப் பார்த்தார். “நாம சோதனை ப்ளேட்ல நாலே வரிசைதான் ஊத்துவோம்,” என்றார் நிதானமாக. “உடனே முடிஞ்சுடும். அடங்க நேரமே இருந்ததில்ல.”

சிக்கனம் பார்த்தே கோட்டை விட்டிருந்தார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பேருமே அந்தச் சிக்கனத்தைத் தங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தார்கள்.

“அப்ப மாப்பிள்ளை மேல குத்தமில்ல,” என்றார் மாமனார். சட்டென்று பத்து வயது குறைந்தவர் போலானார். “நான் அப்பவே சொன்னேன்ல.”

குற்றம் இல்லைதான். ஆனால் வைத்தியமும் அவர் மாப்பிள்ளையிடம் இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் தொட்டியில் உறிஞ்சித் துப்பிக் கலக்கும்படி அதற்குக் கட்டளை எழுதினார்கள். அது கலக்கிய வேகத்தில் தொட்டி சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. குழிகளில் கொப்புளம் ஏறி உட்கார்ந்தது. கொப்புளம் இருந்தால் ஒளியை நம்ப முடியாது. மெதுவாகக் கலக்கச் சொன்னால் அடியில் இருந்தது அசையவே இல்லை. கிருமி மேலும் ஒரு ப்ளேட் அளவு குறைந்தது.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். “பெட்டிய அப்படியே திருப்பி அனுப்பிடலாம்னு தோணுது.”

“வேணாம் மேடம்,” என்றாள் பூனை. “கையால ஆட்டறேன்.”

“எதை?”

“தொட்டிய. நாலு வரிசைக்கு ஒரு தடவை இதை நிறுத்துங்கண்ணா. நான் தொட்டிய எடுத்து மெதுவா சாய்ச்சு சாய்ச்சு ஆட்டி வைக்கறேன். நுரைக்காது.”

“நாளைக்கு முழு நாளும் ஆட்டுவியா?”

“ஆட்டுவேன்.”

“கை விட்டுப்போகும்மா.”

“ரெண்டு கை இருக்கு மேடம்.”

மாமனார் பக்கென்று சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சாயங்காலம் அப்படி ஒரு ப்ளேட் ஊற்றினார்கள். உயிரும் சாவும் இறைத்து வைத்ததுதான். மாப்பிள்ளை நாலு வரிசை ஊற்றி நிற்கும். பூனை தொட்டியை எடுத்து, தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற பக்குவத்தில் சாய்ப்பாள். கிருமி புகை போலக் கிளம்பிப் பரவும். தொட்டியைத் திரும்ப வைப்பாள். மாமனார் பொத்தானை அழுத்துவார். முதல் இரண்டு தடவை அவள் வைத்த இடம் ஒரு நூல் தள்ளிப்போக, மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டது. மூன்றாவது தடவையிலிருந்து அதற்கும் அவள் கை பழகிவிட்டது.

வியாழக்கிழமை காலை ரீடரின் திரையில் மஞ்சளும் நீலமும் சதுரங்கப் பலகை மாதிரி தெளிவாக நின்றன. மஞ்சள் வலது ஓரம் வரைக்கும் மஞ்சளாகவே இருந்தது.

0.58.

“கொறைஞ்சு போச்சு,” என்றார் மாமனார்.

“நிஜம் அவ்ளோதான்,” என்றார் மேடம். பலகையில் எழுதினார். இந்த முறை வட்டம் போடவில்லை. “அரைக்கு மேல இருக்கு. ஓட்டலாம். ஆனா மிச்சமிருக்கற கிருமிக்கு, இந்த வேகத்துக்கு, பெட்டியில பாதிதான் முடியும்.”

ஓட்டம் தொடங்கியது. இப்போது சாவு, உயிர்க் குழிகள் ஓரத்தில் இல்லை. ஒவ்வொரு ப்ளேட்டிலும் நடுவில், மேலே, கீழே என்று மருந்துகளுக்கு இடையில் வேவு பார்க்க விட்டதுபோல உட்கார்ந்திருந்தன. இரண்டாவது ப்ளேட் முடிகிற சமயம் மேடம் பெட்டிக்காரருக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“பாதிதானா?” பெட்டிக்காரரின் குரல் அறையை நிறைத்தது. “ஏங்க, இதுக்காகவா நான் ரெண்டு பேர்கிட்ட இல்லன்னு சொல்லி உங்களுக்குக் கொடுத்தேன்? 0.74 வந்துடுச்சுன்னு சொன்னீங்களே.”

“மீதியை உருக்காம அனுப்பறோம் சார். ஏன்னு எங்க பொண்ணு சொல்லுவா.” மேடம் போனைப் பூனை பக்கம் நகர்த்தினார். அவள் பின்வாங்கினாள். மேடம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

பூனை ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள்.

“சார், வணக்கம். இப்ப 0.58 வருது.”

“என்னது? இறங்கியிருக்கா? அதுக்கா இவ்ளோ பெருமை?”

“0.74 ஓரத்தோட கணக்கு சார். ஓரம் நல்லா இருந்துச்சு. மருந்து விழற இடம் நல்லா இல்ல. கிருமி தொட்டியில அடங்கிப்போய், கடைசியா ஊத்தின பக்கம் எல்லாமே செத்த மாதிரி தெரிஞ்சுது. மருந்தே இல்லாம. அளவுகோல் குழிகள ப்ளேட் முழுக்க இறைச்சு வச்சுப் பார்த்தோம், 0.11 வந்துச்சு. இப்ப ஆட்டி ஆட்டி ஊத்தறோம். அதே மாதிரி இறைச்சு வச்சுத்தான் 0.58. இது முழு ப்ளேட்டோட கணக்கு.” மூச்சு வாங்கினாள். “அந்த 0.74ல ஓட்டியிருந்தா உங்க பெட்டி மொத்தமும் வீணாயிருக்கும் சார். வீணானதும் தெரிஞ்சிருக்காது.”

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவை மூடுகிற சத்தமும் கேட்டது.

“எங்க அளவுகோல் குழியும் ரெண்டு ஓரத்துலதான் இருக்கு,” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “வேற கிருமி. ஆனா அதுவும் ஒட்டிக்கற ஜாதிதான். போன மாசம் ஒரு ஓட்டம் முடிச்சோம். அதுல ஜெயிச்ச மருந்த வச்சுத்தான் இப்ப எல்லாரும் வேலை பார்த்துட்டிருக்காங்க.”

“ஜெயிச்சதெல்லாம் எந்தப் பக்கத்துக் குழியில இருந்துச்சு சார்?” என்று கேட்டாள் பூனை.

“பார்க்கல.” கொஞ்சம் கழித்து, “யாரும் பார்க்கல,” என்றார். “இருங்க, திறந்து பார்க்கறேன். லைன்லயே இருங்க. அந்த மீதிப் பெட்டிய நாளைக்கு அனுப்ப வேண்டாம். அங்கயே உறைஞ்சு கிடக்கட்டும். உங்க கிருமி மறுபடி வளர எவ்ளோ நாள் ஆகும்? குழிகள எப்படி இறைச்சு வைக்கணும், அது ஏதாவது முறை இருக்கா, இல்ல கை போன போக்குல...”

“பூனை!” மாமனார் ரோபோவின் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “நாலு வரிசை ஆச்சு. நிக்குது.”

“சார், ஒரு நிமிஷம்,” என்றாள் அவள். “அடங்கிடும்.”

பெட்டிக்காரர் பேசிக்கொண்டே இருக்க, போனை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போய், தொட்டியை எடுத்து மெதுவாகச் சாய்த்தாள்.